அம்மாவின் அறைக்குச் சந்தனமா, சாம்பல் பச்சையா?

அம்மாவின் அறைச் சுவருக்குச் சந்தன நிறமா, சாம்பல் கலந்த பச்சையா, எது நன்றாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பினாங்கு குளுகோரில் ஒன்பதாவது மாடி வீடு, மலைப் பக்கம் மேற்குப் பார்த்த ஒரே ஜன்னல், செம்பழுப்பு மரப்பலகைத் தரை, 12 அடிக்கு 11 அடி அறை, தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டும் என்றெல்லாம் விவரம் கொடுத்துவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அம்மா அந்தப் பச்சையை நீலம் என்கிறார், நான் சாம்பல் என்கிறேன், தம்பி வாட்சப்பில் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு அட்டையும் ஒரே நிறம்தானே என்கிறான்." என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியே அந்த வரிதான். ஒரே சாயக் கடை அட்டையை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்க்கும்போது யார் கண்ணை நம்பிச் சாயம் வாங்குவது? இது தெளிந்தால் சந்தனமா பச்சையா என்பது பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

நான் உள் அலங்காரம் படித்தவன் கிடையாது. அப்பா சாயம் அடிக்கிறவர். பதினேழு வயதில் அவருக்கு ஏணி பிடிக்கப் போனேன். பிறகு 26 வருடம் ஜார்ஜ் டவுனில் ஒரு சாயக் கடையில், நிறம் கலக்கும் மெஷினுக்குப் பின்னால் நின்றேன். ஆகவே சாயம், சுவர், விளக்கு இந்த மூன்றைப் பற்றித் தைரியமாகச் சொல்வேன். கண்ணைப் பற்றிச் சொல்வது வாடிக்கையாளர்களிடம் கற்றுக்கொண்டது. அதற்கு மேல் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் அம்மா. வயது 72, போன வருடம் வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆனது, இடது கண்ணுக்கு ஜனவரியில் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் நீலம் என்று சொல்வது பிடிவாதம் இல்லை. வயதாக ஆக நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளிக்கும். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல, நீல ஒளியில் ஒரு பங்கை அது உள்ளே விடாது. மெதுமெதுவாக நடப்பதால் நமக்கே தெரியாது. ஆபரேஷனில் அதை எடுத்துவிட்டுத் தெளிந்த செயற்கை லென்ஸ் வைத்தவுடன், பல வருடம் வெளியே நின்ற நீலம் ஒரே நாளில் உள்ளே வரும். ஒரு தமிழ் வாத்தியார், ஓய்வு பெற்றவர், ஒரு நாள் கடைக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வெள்ளை கேட்டேன், நீலம் கலந்து கொடுத்திருக்கிறாய்" என்று சத்தம். கலவைச் சீட்டைப் பார்த்தேன், ஒரு சொட்டு நீலம் இல்லை. பேசிக்கொண்டே கண்ணில் வடிந்த தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்தவர், துடைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். ஒரு கண்ணை மூடினார், திறந்தார், மற்றதை மூடினார். "அட, இந்தக் கண்ணுக்கு உன் டின்னு சரியாத்தான்யா இருக்கு" என்றார். ஆபரேஷன் ஆகி மூன்று வாரமாம்.

நீங்களும் இன்றைக்கே செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை அம்மாவின் முன் பிடித்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்லுங்கள். இடது கண்ணுக்கு அது பால் ஊற்றிய தேநீர் பட்டதுபோலவும், வலது கண்ணுக்குச் சலவை வெள்ளையாகவும் தெரிந்தால் விஷயம் அதுதான். அதேபோல் உங்கள் சாம்பல் பச்சையையும் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வித்தியாசம் போகப் போகக் குறையும், மூளை பழகிக்கொள்ளும். எவ்வளவு நாளில் பழகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஜனவரிக்குப் பிறகு இரண்டு கண்ணும் நீலத்தை உள்ளே விடும் என்பதை மட்டும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

தம்பியின் கதை சின்னது. போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளை எது என்று தானாகவே முடிவு செய்து எல்லா நிறத்தையும் இழுத்துச் சரிக்கட்டும். சந்தன அட்டையைத் தனியாகப் படம் எடுத்தால் மஞ்சளைக் குறைக்கும், பச்சையைத் தனியாக எடுத்தால் பச்சையைக் குறைக்கும், இரண்டும் சாம்பல் வெள்ளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வாட்சப் படத்தை வைத்துச் சுவர் நிறம் தேர்வு செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது ஜன்னல். இணையத்தில் தேடியபோது "வடக்கு ஜன்னல் என்றால் நீல வெளிச்சம், தெற்கு என்றால் மஞ்சள் வெளிச்சம்" என்று போட்டிருந்ததாகவும் மேற்கைப் பற்றித் தெளிவாக இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பிரிட்டனிலும் கனடாவிலும் வீடு கட்டியவர்களுக்கு எழுதியது. அங்கே வடக்கு ஜன்னலுக்குள் வெயில் ஏறக்குறைய வராது. பினாங்கு பூமத்திய ரேகையிலிருந்து ஐந்தரை பாகைக்கும் கொஞ்சம் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலிருந்து 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கும், டிசம்பரில் 29 பாகை தெற்கே. நம் ஊரில் வடக்கு ஜன்னலுக்கு வருட நடுவிலும், தெற்கு ஜன்னலுக்கு வருடக் கடைசியிலும் வெயில் வரும். இங்கே நிறத்தைப் பந்தாடுவது கிழக்கும் மேற்கும்தான். அதிலும் நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுகிறது. பினாங்கில் உண்மையான நடுப்பகல் சுமார் ஒன்றே காலுக்குத்தான். அதனால் உங்கள் அறையில் காலை முழுவதும், மதியம் ஒன்றரை வரைக்கும்கூட, வானத்து வெளிச்சம் மட்டுமே இருக்கும். அது கொஞ்சம் நீலம் கலந்தது, நிதானமானது. அதன் பிறகு வெயில் ஜன்னலுக்குத் திரும்பும். நாலு மணிக்கு மேல் நேரே உள்ளே விழும், நேரம் ஆக ஆக மஞ்சள் ஏறும். குளுகோரில் மேற்கே மலை இருப்பதால் சூரியன் மறைகிற நேரத்துக்கு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அப்புறம் விளக்குப் போடும் வரை மறுபடியும் நீலம் கலந்த வெளிச்சம்தான்.

இந்த வெளிச்சத்தில் உங்கள் இரண்டு நிறமும் என்ன செய்யும்? காலையில் சந்தனம் அடங்கி, மோர் நிறத்துக்குப் பக்கத்தில் அழகாக இருக்கும். பச்சை தன் சாம்பலைக் காட்டும். மாலை ஐந்தரைக்குச் சந்தனம் கொதிக்கும். மஞ்சள் வெயில் மஞ்சள் சுவரில் பட்டால் அறையே மஞ்சள் பல்பு போட்டதுபோல் ஆகிவிடும். அதே நேரத்தில் பச்சை மிக அழகாக இருக்கும், வெயிலின் மஞ்சளும் சுவரின் குளிர்ச்சியும் ஒன்றையொன்று சமன் செய்யும். கடையில் வேலை செய்தபோது மேற்குப் பார்த்த அறைக்கு என்னைக் கேட்ட பாதிப் பேருக்குச் சாம்பல் பச்சையோ சாம்பல் நீலமோதான் காட்டியிருக்கிறேன். இதுவரை கேட்டால் பச்சைக்குத்தான் ஓட்டு விழும் என்று தோன்றும்.

ஆனால் அம்மா அந்த அறையில் அதிகம் விழித்திருப்பது எப்போது? விடிகாலையில் சாமி விளக்கு ஏற்றும்போது, இரவு ஏழரையிலிருந்து பத்து வரை நாடகம் பார்க்கும்போது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வெயிலுக்கு வேலை இல்லை, விளக்குதான் ராஜா. கூரையில் வட்ட எல்இடி, "டே லைட்" என்று போட்டது. பெட்டியில் 6500 கெல்வின் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் கூடினால் வெளிச்சத்தில் நீலம் ஏறும், குறைந்தால் மஞ்சள் ஏறும். நம் ஆட்களுக்கு இந்த விளக்கின் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பளிச்சென்று இருந்தால்தான் வெளிச்சம் என்று நினைக்கிறோம். இந்த விளக்கில் சாம்பல் பச்சை ஆஸ்பத்திரி நடைபாதை நிறம் ஆகும். அம்மாவின் ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அது நீலமாகவே தெரியும். சந்தனமும் இதில் தப்பாது, சோகை பிடித்ததுபோல் வெளிறும். ஆனால் நீலமாகாது. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு போட்டால் கதை தலைகீழ்: சந்தனம் நெய் நிறத்துக்குப் போகும், பச்சையில் இருக்கும் பச்சை வடிந்து வெறும் மண் சாம்பல் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் 4000 கெல்வின் விளக்கு கிடைக்கிறது. சாயம் வாங்கும் முன் அதை வாங்கி மாட்டுங்கள். பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், அது 90க்கு மேல் இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும். 80 இருந்தாலும் மோசமில்லை. பல பேர் சுவரை மாற்ற வந்து, விளக்கை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். முதலாளிக்கு என் மேல் அதில் கோபம் உண்டு.

அட்டையின் பின்னால் எல்ஆர்வி என்று சந்தனத்துக்கு 74, பச்சைக்கு 58 என்று போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். சுவரில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்ற கணக்கு அது. பதினாறுதானே வித்தியாசம் என்று விட்டுவிடாதீர்கள். ஜன்னலுக்கு எதிர்மூலையில் இருக்கும் கட்டிலுக்கு வந்து சேரும் வெளிச்சம் பெரும்பாலும் சுவருக்குச் சுவர் மோதி வருவது. சந்தனத்தில் இரண்டு முறை மோதினால் 74இல் 74 பங்கு, அதாவது 55 மிஞ்சும். பச்சையில் 34தான். மூன்றாவது மோதலில் 40க்கு 20, நேர் பாதி. இது காகிதக் கணக்கு, அலமாரி, திரை, கதவு எல்லாம் இருக்கும் அறையில் அப்படியே வராது. ஆனால் திசை சரி. 72 வயதுக் கண்ணுக்கு நம்மைவிட அதிக வெளிச்சம் வேண்டும் என்பதிலும் சந்தேகம் இல்லை. இதே மோதல்தான் இன்னொரு வேலையும் செய்கிறது: ஒவ்வொரு முறையும் சந்தனச் சுவர் நீலத்தைக் கொஞ்சம் விழுங்கி மஞ்சளைத் திருப்பி அனுப்புவதால், நாலு சுவரிலும் அடித்தபின் நிறம் அட்டையைவிட ஏறித் தெரியும். கடையில் "நான் கேட்டது இது இல்லையே" என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் மஞ்சள் வகை வாங்கியவர்கள்தான்.

உள்ளே ஒளிந்திருக்கும் சாயல் எவ்வளவு சின்ன அளவில் ஆட்டம் காட்டும் என்பதற்கு நம் வீட்டுப் பழக்கமே சாட்சி. அப்பா காலத்தில் சுண்ணாம்பு அடிக்கும்போது வாளியில் ஒரு சிட்டிகை துணி நீலத்தைத் துணியில் கட்டி முக்கி எடுப்பார். சுவர் நீலமாகாது, ஆனால் சுண்ணாம்பின் மஞ்சள் செத்து வெள்ளை வெள்ளையாகும். கை கொஞ்சம் கூடினால் வெளுப்பு போய் வான நிறம் வந்துவிடும். லீத் தெருவில் இருக்கும் செங் ஃபாட் ஸீ மாளிகையின் நீலமும் சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து வந்ததுதான், கை தாராளமாகப் போட்டது. உங்கள் பச்சையில் மஞ்சள் காவியும் கறுப்பும் சேர்த்து, பச்சை நிறமி மிகக் கொஞ்சமாகச் சேர்த்திருப்பார்கள். அந்த நிறமிக்கு வீரியம் அதிகம். மெஷினில் அரைச் சொட்டு கூடினாலும் சுவரில் தெரியும். சந்தனம் காவிகளால் ஆனது, மன்னிக்கும் குணம் உண்டு.

தரையை மறக்க வேண்டாம். செம்பழுப்புத் தரைக்குப் பக்கத்தில் எந்தப் பச்சையும் கூடுதல் பச்சையாகத் தெரியும். ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தபோது, கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. தேடிப் பார்த்ததில் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் இருந்த நிறம் கறுப்பை மங்கலாகக் காட்டியிருக்கிறது. உங்கள் இரண்டு அட்டைகளுக்கும் இதே கதி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் சந்தனம் இன்னும் மஞ்சளாகவும் பச்சை இன்னும் குளிராகவும் தெரிகிறது. அறையில் அவை ஒருநாளும் அருகருகே நிற்கப்போவதில்லையே.

நான் பட்ட பாடு ஒன்று. ஒரு அம்மா திரைச்சீலைத் துண்டு கொண்டுவந்து அதே நிறத்தில் சாயம் கேட்டார். கடையின் குழல் விளக்கின் கீழ் அச்சாகப் பொருத்திக் கொடுத்தேன், எனக்கே பெருமை. அவர் வீட்டுக் கிழக்கு ஜன்னல் வெயிலில் சுவர் ரோஸ், திரை பழுப்பு. துணிச் சாயமும் சுவர்ச் சாயமும் வேறு வேறு நிறமிகள், ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொன்றில் பிரியும். மறுபடி அடித்த கூலியை நான் கொடுத்தேன். அன்றிலிருந்து வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் எதையும் கொடுத்ததில்லை. ஒரு பிராண்டின் நிறத்தை வேறு பிராண்டில் "மேட்ச்" பண்ணி வாங்கும்போதும் இந்த ஆபத்து உண்டு. எந்த அட்டை பிடித்ததோ அந்த டின்னையே வாங்குங்கள், நிப்பானோ டூலக்ஸோ ஜோட்டனோ.

சோதனை இப்படிச் செய்யுங்கள். இரண்டிலும் கிடைக்கும் மிகச் சின்ன டின் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி பலகை அல்லது தடித்த அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி அடர்த்தியாகும், அதனால் மறுநாள்தான் பார்க்க வேண்டும். பழைய சுவரில் நேராக அடிக்காதீர்கள், இப்போதிருக்கும் பீச் நிறம் கண்ணைக் கெடுக்கும். மேசையில் படுக்க வைத்தும் பார்க்காதீர்கள். சுவர் நிற்கிறது, பலகையும் நிற்க வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒன்று, காலை ஒன்பது, மாலை ஐந்தரை, இரவு எட்டு மணிக்குப் புதிய விளக்கில். கட்டிலில் அம்மா படுத்திருக்கும் இடத்திலிருந்து அவர்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் வைத்து என் கருத்து: சந்தனம், ஆனால் நீங்கள் எடுத்தது வேண்டாம், அதே பட்டையில் ஒரு படி வெளிறியது. மாலை வெயிலில் அது கொதிப்பதை அந்த ஒரு படி பாதி அடக்கும், மெல்லிய வெள்ளைத் திரை மீதியை அடக்கும். இது உங்கள் அறையாக இருந்தால் பச்சை என்று சொல்லியிருப்பேன், கொஞ்சமும் யோசிக்க மாட்டேன். படுக்கிறவர் கண்ணுக்கு நீலமாகத் தெரிவதையும், ஜனவரிக்குப் பிறகு இரண்டு கண்ணுக்கும் அப்படித் தெரிய வாய்ப்பிருப்பதையும் தெரிந்துகொண்டே பச்சை அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சுவராவது பச்சை வேண்டும் என்றால் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் அடியுங்கள். ஜன்னல் இருக்கும் சுவரில் வேண்டாம், அது எப்போதும் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி இருண்டு நிற்கும், அடர் நிறம் அடித்தால் ஜன்னல் இன்னும் கூசும்.

"பச்சை குளிர்ச்சி, அறைச் சூடு குறையும்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உள்சுவரின் நிறம் வெப்பமானியில் தெரிகிற அளவுக்கு எதையும் குறைக்காது, மேற்கு வெயிலுக்கு மருந்து திரைதான். பச்சை மனதை அமைதிப்படுத்தும் என்பதை நான் ஆயிரம் முறை விற்பனைக்காகச் சொல்லியிருக்கிறேன், அதனால் அதற்குச் சாட்சி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வாஸ்து அம்மாவின் இலாகா.

மினுமினுப்பு அதிகமுள்ள சாயம் வாங்காதீர்கள். சாய்ந்த மாலை வெயில் சுவரை உரசிப் போகும்போது ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். கழுவக்கூடிய மேட் வகை, அதாவது மினுக்காதது, போதும். சாமி மேடைக்கு மேலே விளக்குப் புகை படும் இடத்தையும் ஈரத் துணியால் துடைக்கலாம். மூலையில் கறுப்புப் பூஞ்சணம் இருந்தால் கொன்று, காயவைத்துப் பிறகு அடியுங்கள், மேலேயே பூசினால் மழைக்காலம் முடிவதற்குள் திரும்ப வரும். கூரை ஒன்பதடி என்று வைத்தால், கதவு ஜன்னல் போகச் சுமார் 370 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஆறிலிருந்து ஏழு லிட்டர் ஆகும், 7 லிட்டர் டின் ஒன்று போதும். சின்ன டின்களாக வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், டின்னுக்கு டின் நிறம் மயிரிழை மாறும். பழைய சுவரைத் தேய்க்கும் தூசி பொல்லாதது. தேய்ப்பு வேலை நடக்கும் நாட்களில் அம்மா உங்கள் அறையில் படுக்கட்டும், ஜனவரி ஆபரேஷனுக்கு எத்தனை வாரம் முன்பே தூசி வேலை முடிய வேண்டும் என்று கண் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டின் மூடியில் ஒட்டியிருக்கும் கலவைச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள், மிச்சச் சாயத்தைக் காற்றுப் புகாத ஜாடியில் ஊற்றி வையுங்கள். அந்தப் பச்சைப் பலகையையும் தூக்கிப் போட வேண்டாம். பிப்ரவரியில் ஒருநாள் மாலை ஐந்தரைக்கு அதை எடுத்து அம்மாவிடம் மறுபடி காட்டிப் பாருங்கள்.